ஏஐ செய்த சாகசத்துக்குக் காசு கொடுக்கலாமா?

பிப்ரவரி 16, 2025

ஒரு வாசகர் கேட்கிறார்: "ஆர்பிஜி பிடிஎஃப், போர்டு கேம், கார்டு கேம் எதைத் திறந்தாலும் ஏஐ படம், ஏஐ எழுத்து. என் கணினியிலேயே இலவசமாகக் கிடைப்பதற்கு நான் ஏன் 5 டாலர் அழ வேண்டும்?"

அழ வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் நான் ஏற்கெனவே அழுதவன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடக்கும். கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். ஆர்பிஜி என்பது இந்த வகைதான். ஆட்டக்காரர்கள் நாலு பேர், கதையை நடத்துகிற டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) நான். போன மாதம் ஒரு வாரம் அலுவலகத்தில் கழுத்தை நெரித்தார்கள். சாகசம், அதாவது அன்றைய ஆட்டத்துக்கான கதை, எழுத நேரமில்லை. சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஒரு சாகசத்தைப் பிடிஎஃப்பாக வாங்கினேன். 4.99 டாலர், நம் காசில் 430 ரூபாய்க்கு மேல். 52 பக்கம். அட்டைப்படம் பிரமாதம். உள்ளே ஒன்பதாம் பக்கத்தில் சத்திரக்காரர் கொலை செய்யப்படுகிறார். இருபத்தோராம் பக்கத்தில் அதே சத்திரக்காரர் கதாபாத்திரங்களைத் தனியே கூப்பிட்டு ரகசியம் சொல்கிறார். நான் இதைக் கவனித்தது ஞாயிறு மாலை, உரக்கப் படித்துக்கொண்டிருக்கும்போது.

"இவர் செத்துட்டாரே சார்?"

"இவர் அவருடைய இரட்டைச் சகோதரர்" என்றேன். நாலு பேரும் சிரித்துத் தீர்த்தார்கள். இன்றுவரை எங்கள் மேஜையில் எது பொருந்தாமல் போனாலும் "இரட்டைச் சகோதரர்" என்றுதான் பெயர்.

வரைபடமும் அப்படியே. எழுத்தில் 14 அறை, படத்தில் 11. ஆறாம் எண் அறைக்குக் கதவே கிடையாது. எல்லா அறையிலும் மெல்லிய கிசுகிசுப்பு கேட்கிறது. எல்லா அறையிலும் ஈர மண் வாசனை. ஒரு கட்டத்தில் ஒருவர் "இந்த அறையிலயும் கிசுகிசுப்பா?" என்று நான் படிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

அன்று இரவு உட்கார்ந்து அடுத்த வாரத்துக்காக அதைச் சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆயிற்று. புதிதாக எழுதியிருந்தால் இரண்டு மணி நேரம்.

பிப்ரவரி 17, 2025

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. அந்தப் பிடிஎஃப்பில் படங்கள் ஏஐ என்றுதான் போட்டிருந்தது. எழுத்தும் ஏஐ என்பது என் ஊகம். செத்தவர் பேசுவது மனிதர்கள் எழுதிய சாகசங்களிலும் நடக்கும். நானே ஒருமுறை ஒரே ஊருக்கு இரண்டு தலையாரி வைத்து மாட்டிக்கொண்டேன். ஆனால் அந்தக் கிசுகிசுப்பு இருக்கிறதே, மனிதன் இரண்டாவது அறையிலேயே அலுத்துப் போயிருப்பான்.

பிப்ரவரி 23, 2025

"இயந்திரம் செய்தது" என்பதையே குற்றமாகச் சொன்னால் எங்கள் பொழுதுபோக்கின் வேரையே வெட்ட வேண்டியிருக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974-ல். அடுத்த ஆண்டே அதன் பதிப்பாளரின் செய்தி இதழில், தனியாக ஆடுகிறவர்கள் பகடை உருட்டி நிலவறையைத் தானாக வளர்த்துக்கொள்ளும் முறையை, ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிவிட்டார். 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் அது பின்னிணைப்பாகப் பக்கம் பக்கமாக இருக்கிறது. டி20 (இருபது முகப் பகடை) உருட்டு: தாழ்வாரம் இடப்பக்கம் திரும்புகிறது. மறுபடி உருட்டு: கதவு. மறுபடி உருட்டு: அறை, உள்ளே ஒன்றுமில்லை.

அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை.

வித்தியாசம் எங்கே என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அட்டவணை "கதவு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கதவு ஏன் அங்கே இருக்கிறது, யார் வைத்தது என்பதெல்லாம் டிஎம் பாடு. அந்த இடைவெளிதான் எனக்குச் சம்பளம் மாதிரி. ஏஐ எழுத்து வாயை மூடாது. கதவுக்குப் பின்னணிக் கதை சொல்லும், கீல் துருப்பிடித்த சோகம் சொல்லும், அடுத்த பக்கத்தில் அதை மறந்தும் விடும். பொருந்துகிற மாதிரியே இருப்பதால் நாமும் சோதிக்காமல் நம்பிவிடுகிறோம்.

ஆக நான் காசு கொடுத்து வாங்க நினைத்தது எழுத்தை இல்லை போலிருக்கிறது. யாராவது ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை ஆடிப் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையை.

மார்ச் 2, 2025

போன குறிப்பை எழுதிய பிறகு யவலாத் என்ற பலகை ஆட்டம் ஞாபகம் வந்தது. என் கட்சிக்கு எதிர்க்கட்சி.

கேமரன் பிரவுன் என்று ஓர் ஆய்வாளர். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக லூடி என்ற நிரலை எழுதினார். இருக்கிற பலகை ஆட்டங்களின் விதிகளைக் கலந்து, திரித்து, புது ஆட்டங்களை அது உண்டாக்கும். 2007-ல் அது பெற்றெடுத்த ஆட்டம்தான் யவலாத். 2009-ல் ஸ்பெயினின் நெஸ்டர்கேம்ஸ் அதை அச்சிட்டு விற்றது. பெயரையும் நிரலே வைத்தது, டோல்கீன் பாணிப் பெயர்களை ஊட்டி.

விதி இவ்வளவுதான். அறுகோணப் பலகை, 61 கட்டம். மாறி மாறிக் காய் வைக்க வேண்டும். வரிசையாக நாலு வந்தால் ஜெயம். ஆனால் அதற்கு முன்னால் வரிசையாக மூன்று வந்துவிட்டால் தோல்வி.

படிக்கும்போது அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. தாளில் கட்டம் அச்சடித்து, கறுப்பும் வெள்ளையுமாகச் சட்டைப் பொத்தான் எடுத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் பிடிபட்டது. நான் நாலு போடப் போவதாகப் பயமுறுத்தினால் அவள் தடுத்தே ஆக வேண்டும். அந்தத் தடுக்கிற காயே அவளுக்கு மூன்றாக முடிகிற மாதிரி இடம் பார்த்து வைத்தால் அவள் கையாலேயே அவள் தோற்கிறாள். இரண்டு வரி விதிக்குள் இப்படி ஒரு பொறி. அதற்கப்புறம் அவள் எனக்கு அதையே ஏழு முறை செய்தாள் என்பது தனிக்கதை.

இதற்குக் காசு கொடுப்பேனா? கொடுப்பேன். அப்படியானால் என் முதல் நாள் பதில் என்ன ஆயிற்று?

லூடி மொத்தம் 1,389 ஆட்டங்களை உண்டாக்கியது. தேறியவை 19. ஒவ்வொன்றையும் தனக்குத்தானே ஆடிப் பார்த்து, சீக்கிரம் முடிகிறதா, இழுக்கிறதா, முதலில் ஆடுகிறவனே எப்போதும் ஜெயிக்கிறானா என்றெல்லாம் அளந்தது. அந்தப் பிடிஎஃப்பை எழுதியது யாராக இருந்தாலும் ஒருமுறைகூட ஆடிப் பார்க்கவில்லை. நான்தான் அவருக்கு முதல் பிளே டெஸ்ட். அதுவும் காசு கொடுத்து.

லூடி இன்றைய சாட்பாட் ரகம் கிடையாது, அது வேறு சாதி நிரல் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 9, 2025

இந்த வாரம் வேறு ஓர் அனுபவம். இது பலகை.

இணையத்தில் ஆடுபுலி ஆட்டம் துணிப் பலகை பார்த்தேன். 649 ரூபாய். ஓரமெல்லாம் கிராமத்துக் காட்சி, வைக்கோல் போர், மாட்டு வண்டி, மூலையில் ஒரு புலி. பாட்டி ஊர்க் கோயில் மண்டபத் தரையில் கல்லில் செதுக்கிய பலகையில் விளையாடியவன் நான். பார்த்ததும் கை பரபரத்தது. வந்த பிறகுதான் புலியைக் கவனித்தேன். ஐந்து கால். சரி, ஏஐ படம். சிரித்துவிட்டு விரித்தோம்.

நான் ஆடு, மகள் புலி. பதினைந்து ஆட்டையும் இறக்கி முடிப்பதற்குள் ஆறு ஆட்டைப் புலி தின்றுவிட்டது. அடுத்த ஆட்டமும் அப்படியே. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது ஆட்டத்தில் பக்கம் மாற்றிக்கொண்டோம். இப்போது அவள் ஆடு, அவளும் தோற்றாள். அவள் சாதாரணமாகத் தோற்கிற ஆளில்லை. சந்தேகம் வந்து பலகையைப் பார்த்தேன்.

உச்சியிலிருந்து நாலு கோடு இறங்க வேண்டும். இதில் ஐந்து.

கணக்குப் போடுங்கள். சரியான பலகையில் உச்சி 1, மூன்று குறுக்குக் கோட்டிலும் ஆறாறு (நாலு சந்திப்பும் இரண்டு ஓரமும்), அடியில் 4. மொத்தம் 23 புள்ளி. புலி 3, ஆடு 15. எல்லாம் இறங்கியபின் காலி 5. அந்த ஐந்துக்குள்தான் புலியை மடக்க வேண்டும். ஆட்டத்தின் உயிரே அந்த நெருக்கடி. ஒரு கோடு கூடினால் புள்ளி 27, காலி 9. புலிக்குக் காடு பெரிதாகிவிட்டது. ஆடு தலைகீழாக நின்றாலும் மடக்குவது பெரும்பாடு.

கதைப் புத்தகத்தில் கைவிரல் ஆறாக இருந்தால் கண்ணுக்குத்தான் உறுத்தல். பலகையில் ஒரு கோடு கூடினால் விதியே மாறிப்போகிறது. படம் போட்டவருக்கு அது அலங்காரம் என்று தோன்றியிருக்க வேண்டும். இயந்திரத்துக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், அதற்குத் தோன்றும் என்று வைத்துக்கொண்டால்.

மார்ச் 10, 2025

திருத்தம். மகள் எண்ணிச் சொல்கிறாள்: 27 இல்லை, 25. நடுக்கோடு இரண்டாவது குறுக்குக் கோட்டில் முட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. அடியில் நாலுதான். காலி 7.

"நீங்க எண்ணாமலே எழுதிட்டீங்க, ஏஐ மாதிரி" என்றும் சொன்னாள்.

மார்ச் 20, 2025

விற்றவருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

இதற்கிடையில் 18-ம் தேதி அமெரிக்காவில் ஒரு தீர்ப்பு. ஸ்டீவன் தேலர் என்பவர் தன் நிரல் தானாக வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார். ஆசிரியர் மனிதராக இருந்தே தீர வேண்டும் என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 பிப்ரவரியிலேயே அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸ் விஷயத்தில் இதே திசையில் போனது. கதைக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ வரைந்த தனித்தனிப் படங்களுக்கு இல்லை.

நம் சட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தத்தின்படி, கணினி உண்டாக்கிய படைப்புக்கு, அதை உண்டாக்கக் காரணமாக இருந்த நபரே ஆசிரியர். அந்த வரியை எழுதியபோது யாரும் மிட்ஜர்னியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

வாங்குகிறவனுக்கு இதில் என்ன? ஒரு கார்டு கேமின் 60 படமும் முழுக்க இயந்திரம் வரைந்தவை என்றால், அமெரிக்காவில் அந்தப் படங்களை விற்கிறவரே சொந்தம் கொண்டாட முடியாது. நாளைக்கு இன்னொருவர் அதே படத்தைப் போட்டு இன்னொரு ஆட்டம் விற்கலாம். தனக்கே பட்டா இல்லாத நிலத்தை எனக்கு வாடகைக்கு விடுகிற மாதிரி இருக்கிறது. வாடகை குறைவாக இருந்தால் பரவாயில்லை. முழு விலை கேட்கிறார்கள்.

ஏப்ரல் 6, 2025

"அப்படியானால் நல்ல கம்பெனிகள் எதுவும் ஏஐயைத் தொடாதா?" என்று அதே வாசகர்.

தொடுகிறார்கள். டெராஃபார்மிங் மார்ஸ் என்னிடம் இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தை வாழத் தக்கதாக மாற்றுகிற 2016 பலகை ஆட்டம், 208 திட்டக் கார்டு. படங்கள் அன்றே கேலிப் பொருள். ஸ்டாக் போட்டோவும் குடும்பத்தார் வரைந்ததும் கலந்த கதம்பம், ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனாலும் நூறு முறைக்கு மேல் ஆடியிருப்பேன். செவ்வாயில் ஆக்சிஜன் ஏறும்போது வருகிற திருப்திக்கும் படத்துக்கும் தொடர்பில்லை. 2024-ல் அதன் புதிய எக்ஸ்பான்ஷன்களுக்காக (கூடுதல் பகுதிகள்), பொதுமக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியபோது ஏஐ பயன்படுத்துகிறோம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். 2023 ஆகஸ்ட் முதல் கிக்ஸ்டார்ட்டர் அப்படிச் சொல்லச் சொல்கிறது. திட்டினார்கள், வாதாடினார்கள், பணம் மட்டும் பத்து லட்சம் டாலரைத் தாண்டி வந்தது.

இன்னொரு பக்கம் பெய்ஸோ. பாத்ஃபைண்டர் என்ற ஆர்பிஜியை வெளியிடுகிற ஆட்கள். 2023 மார்ச்சிலேயே ஏஐ எழுத்தும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வெளியிடுகிற விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். 2023-ல் ராட்சதர்களைப் பற்றிய அவர்களுடைய புத்தகத்தில் ஓர் ஓவியர் ஏஐ வைத்து மெருகேற்றியிருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பெனி இனிமேல் கூடாது என்று விதி போட்டது. 2024 ஜனவரியில் அவர்களுடைய மேஜிக் கார்டு ஆட்டத்தின் விளம்பரப் படம் ஒன்றை எல்லோரும் ஏஐ என்றார்கள். மனிதர்கள்தான் செய்தார்கள் என்று கம்பெனி அடித்துச் சொன்னது. சில நாள் கழித்து, ஏஐ கலந்திருந்தது உண்மைதான் என்று பின்வாங்கியது.

எனக்கு அந்த விளம்பரத்தில் இருந்த பல்பும் அழுத்தமானியும் கோணலாக இருந்ததில் வருத்தமில்லை. முதல் பதில்தான் கசந்தது. சொல்லிவிட்டு விற்றால் வாங்குவதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்வேன்.

ஏப்ரல் 7, 2025

மேலே இருக்கிற கடைசி வரியை இரவு படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன டிசம்பரில் ஒரு கேம் கஃபேயில் ஒன்ஷாட், அதாவது ஒரே அமர்வில் முடிகிற சாகசம், நடத்தினேன். தலைக்கு 300 ரூபாய், ஐந்து பேர். கதை என்னுடையது. சூனியக்காரி படம், ஊர்க்காரர்கள் பெயர், கோயில் கல்வெட்டு வாசகம் எல்லாம் ஏஐ. ஒரு பெண் அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்து "யார் வரைஞ்சது, ரொம்ப நல்லா இருக்கே" என்றாள். நான் புன்னகைத்துவிட்டு "இனிஷியேட்டிவ் உருட்டுங்க" என்றேன், சண்டை ஆரம்பம் என்று அர்த்தம்.

பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை.

1,500 ரூபாயில் ஏஐயின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட முயன்றேன். அந்த ஐந்து பேர் காசு கொடுத்தது மூன்று மணி நேரம் நான் தொண்டை கிழியக் குரல் மாற்றிப் பேசியதற்கு என்றுதான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். படம் சாம்பாரில் கொத்தமல்லி. ஆனால் கொத்தமல்லி எந்தக் கடை என்று கேட்டவளிடம் பேச்சை மாற்றியிருக்க வேண்டாம்.

மே 11, 2025

எங்கள் ஞாயிறு கதையின் அடுத்த பகுதிக்குக் கோட்டை வரைபடம் தேவைப்பட்டது. இந்த முறை தெரிந்த ஓவியர் ஒருவரிடம் கேட்டேன். 2,500 ரூபாய், பத்து நாள். ஏஐயிடம் கேட்டால் பத்து நொடி என்று வீட்டில் முணுமுணுப்பு.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து அழைப்பு.

"சார், இந்தக் கிழக்குக் கதவு உள்பக்கமா திறக்குமா, வெளிப்பக்கமா?"

"ஏன்?"

"வெளிப்பக்கம்னா அகழிப் பாலம் இடிக்கும். உள்பக்கம்னா காவலர் அறைப் படிக்கட்டை மறைக்கும். அப்புறம், சமையலறைக்குத் தண்ணி எங்கேருந்து வருது? கிணறே காணோம்."

கிணறு இல்லைதான். முந்நூறு பேர் இரண்டு மாதம் முற்றுகையைத் தாங்கிய கோட்டை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். கிணறு வைத்தேன். கிணற்றிலிருந்து சுரங்கம் வந்தது. சுரங்கத்திலிருந்து, இன்று மாலை, முழு ஆட்டமும் வந்தது. நாலு பேரும் முன்வாசல் பக்கமே போகவில்லை.

ஏஐயிடம் கேட்டிருந்தால் அழகான கோட்டை வந்திருக்கும். கதவு எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டிருக்காது. நானாக "என்னிடம் கேள்வி கேள்" என்று சொன்னால் கேட்கும் என்கிறீர்களா? சொல்லிப் பார்த்தேன், பதினைந்து கேள்வி கேட்டது. பன்னிரண்டாவது, கோட்டையின் மனநிலை என்ன என்பது. கிணற்றைப் பற்றி இல்லை.

மே 12, 2025

2,500 எல்லோராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். கல்லூரிப் பையன் ஒருவன் முதல் சாகசம் எழுதி இலவசமாகக் கொடுக்கிறான், அட்டைக்கு ஏஐ படம் போட்டான் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதே பையன் 400 ரூபாய் கேட்டால் எத்தனை தடவை ஆடிப் பார்த்தாய் என்று கேட்பேன். இரண்டு தடவை என்றால்கூட வாங்கிவிடுவேன்.

பிப்ரவரியில் "அழ வேண்டாம்" என்று அடித்துச் சொன்னவன் நான். சரி, அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் 1, 2025

துணிப் பலகை விற்றவரிடமிருந்து கடைசியில் பதில். மன்னிப்புக் கேட்டிருந்தார். தனக்கு ஆடுபுலி ஆடத் தெரியாது, படம் நன்றாக இருந்ததால் அச்சடித்துவிட்டேன் என்று நேராக எழுதியிருந்தார். இத்தனை நாளாக வேறு யாரும் புகார் சொல்லவில்லையாம். வாங்கியவர்கள் எல்லோரும் சுவரில் மாட்டிவிட்டார்கள் போல. கோடுகளை மட்டும் ஒருவரை வைத்துக் கையால் போடச் சொல்லி, புதுத் துணி அனுப்பியிருக்கிறார். காசு வாங்கவில்லை.

வந்ததும் நான் எண்ணினேன். மகள் நம்பாமல் மறுபடி எண்ணினாள். 23. மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டில் ஆடு ஜெயித்தது.

மூலையில் புலிக்கு இன்னும் ஐந்து கால்தான். அவள் அதை மாற்றச் சொல்லி எழுதட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன், அந்தப் புலி ஆட்டத்தில் இல்லை.